பட்டறைக் கேள்வி பதில்: பழைய எஞ்சினுக்கு வெண்கல வால்வு கைட்

சென்ற இதழில், எஞ்சின் வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைட் தேய்ந்தால், அதற்குப் பதிலாக லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், வெண்கல கைட் கடைந்து போடலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களே இம்முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. வேறு விடயங்களைக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும். பழைய ஆங்கிலேய எஞ்சின்கள் அங்குலக் கணக்கில் பிறந்தவை என்பதால், நுண்ணிய அளவுகளைப் பட்டறை வழக்கப்படி ‘தௌ’ என்றே எழுதுகிறேன். ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீற்றர்.

கேள்வி: என்னிடம் தகப்பனார் காலத்து மோறிஸ் மைனர் கார் ஒன்று உள்ளது, 948 சிசி எஞ்சின். பதுளை வீதியால் மலை இறங்கி வந்து, சமதரையில் மீண்டும் அக்ஸிலரேற்றரை மிதித்தவுடன் பின்னால் நீலப் புகை மண்டுகிறது. பிஸ்டன் ரிங் மாற்றியும் குறையவில்லை. வெண்கல கைட் போட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்கிறார் மெக்கானிக். அப்படித்தானா ஐயா?
– செங்கலடி வாசகர்

பதில்: நோயின் குறியை நீங்களே சரியாக எழுதிவிட்டீர்கள். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வரும்போது கார்பரேற்றரின் கதவு மூடியிருக்கும். ஆனால் சில்லுகள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே வரும். அப்போது உள்வழிக் குழாயில் உண்டாகும் வெற்றிடம், உள்வழி வால்வின் தண்டுக்கும் கைட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியால் மேலிருக்கும் ஒயிலை உறிஞ்சி இறக்கிவிடும். சமதரையில் மிதித்ததும் அந்த ஒயில் எரிகிறது. ரிங் தேய்ந்த எஞ்சின் இப்படிச் செய்யாது. அது ஏற்றத்தில், பாரம் இழுக்கும்போதுதான் புகைக்கும். ரிங்குக்குச் செலவழிப்பதற்கு முன் ஒருவராவது இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் உடனே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக்கொண்டு லேத் பட்டறைக்கு ஓட வேண்டாம். அந்த எஞ்சினில் வால்வுத் தண்டின் மேற்பகுதியில், வால்வை ஸ்பிறிங்கோடு பிணைக்கும் கொட்டர் என்ற ஆப்புக்குக் கீழே, சிறிய ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அது சூட்டில் இறுகி வெடித்துப் போயிருந்தால் நல்ல கைட்டிலும் ஒயில் இறங்கும். பிறகு புதிய வால்வு ஒன்றைப் பழைய கைட்டில் இட்டு, வால்வு வந்து அமரும் சீற்றிலிருந்து சற்று உயர்த்தி, வால்வின் தலையை டயல் கேஜில் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்து ஆட்டிப் பாருங்கள். தேய்ந்தது கைட்டா, தண்டா என்பது அப்போது தெளிவாகும். உற்பத்தியாளர் விதித்த இடைவெளி உள்வழி வால்வுக்கு 1.5 முதல் 2.5 தௌ, வெளிவழி வால்வுக்கு 2 முதல் 3 தௌ. அதற்கு இரு மடங்காகிவிட்டிருந்தால் கைட்டை மாற்றத்தான் வேண்டும்.

“ஆயுளுக்கும்” என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அந்த எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வார்ப்பிரும்பு கைட்டுடனேயே வந்தது. அதோடுதான் இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கிறது. வார்ப்பிரும்பில் உள்ள காரீயம், அதாவது கிராபைட், தானே ஒரு மசகு. வெண்கலம் வெப்பத்தை விரைவாகக் கடத்தும், ஒயில் குறைந்தாலும் தண்டை இலேசில் கடித்துப் பிடிக்காது. இவை மெய்யான நன்மைகள்தான். ஆயினும், சரியான அளவில் வார்ப்பிரும்பு கைட் கடையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்பேன். கடைந்து போடுவது எப்போது தவிர்க்க முடியாததாகிறது என்றால், ஹெட்டில் உள்ள துளை கீறுண்டு பெருத்துப் போகும்போதுதான். முன்னர் யாரோ கைட்டின் அடியில் ஒட்டிய கரியைச் சுரண்டாமல் சுத்தியலால் அடித்து வெளியே எடுத்திருப்பார். அந்தக் கரி துளையை நீளத்துக்கும் கிழித்திருக்கும். அத்தகைய துளைக்குக் கடைக் கைட் தளர்வாகவே நிற்கும். ஒவ்வொரு துளையையும் தனித்தனியே அளந்து, அதற்கென்று ஒரு கைட் கடைவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: நான் தொழில்நுட்பக் கல்லூரி மாணவன். மாமாவின் பட்டறையில் சிறிய லேத் உள்ளது. மேற்சொன்ன எஞ்சினுக்கு வெண்கல கைட் கடையும் முறையைப் படிப்படியாக விளக்குவீர்களா? நான் செய்து பார்த்த இரண்டிலும் துளை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.
– மட்டக்களப்பு வாசகர்

பதில்: தம்பி, இரண்டோடு நிறுத்திக்கொண்டீர்கள்; நான் எட்டைக் கெடுத்தவன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒஸ்டின் காருக்கு எட்டு கைட் கடைந்தேன். துளை சாயாதிருக்க வேண்டுமென்று, ஒரு முனையிலிருந்து பாதியும் திருப்பிப் பிடித்து மறு முனையிலிருந்து பாதியுமாகத் துளைத்தேன். அளவுக் கம்பி இரு பக்கமும் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. வால்வை இட்டபோதோ, நடுவில் போய் நின்றுவிட்டது. இரண்டு துளைகளும் சந்தித்த இடத்தில், நகத்தாலும் உணர முடியாத ஒரு படி. எட்டும் பழைய பித்தளைக் கூடைக்குள் போயின.

கைட்டின் வெளிவட்டம் 12 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, நீளம் ஏறத்தாழ 43 மில்லிமீற்றர், துளை 7 மில்லிமீற்றரைவிடச் சிறிதே கூடுதல். விட்டத்தைப் போல ஆறு மடங்கு ஆழமுள்ள துளையில் ட்ரில் பிற் தன் விருப்பப்படி திரும்புவது இயல்பே. ஆகவே துளையை முதலில் முடித்து, அந்தத் துளையையே ஆதாரமாகக் கொண்டு வெளிவட்டத்தைப் பின்னர் கடைய வேண்டும் என்பதை முதல் விதியாகக் கொள்ளுங்கள். வெளிவட்டத்தைப் பளபளவென்று முடித்துவிட்டுத் துளைக்கத் தொடங்குவதால்தான் பெரும்பாலான கைட்டுகள் வீணாகின்றன.

16 மில்லிமீற்றர் கோலிலிருந்து வேண்டிய நீளத்துக்கு மூன்று நான்கு மில்லிமீற்றர் கூடுதலாக வெட்டி, சக்கில் பிடித்து முகத்தைச் சமன் செய்யுங்கள். புதிய ட்ரில் பிற்றின் கூரிய உதடு வெண்கலத்தைக் கடித்து உள்ளே இழுக்கும். அதனால் எண்ணெய்க் கல்லில் அந்த உதட்டின் முன்முகத்தை ஒரு மயிரளவு தட்டையாக்கிக்கொள்ளுங்கள். 6.5 மில்லிமீற்றர் பிற்றால், நாலைந்து மில்லிமீற்றருக்கு ஒருமுறை வெளியே இழுத்துச் சீவலை உதறிவிட்டு, முழு நீளத்துக்கும் ஒரே பக்கத்திலிருந்து துளையுங்கள். துளை சற்றுச் சாய்ந்தே இருக்கும். கவலைப்பட வேண்டாம், அடுத்த படியில் அது திருந்தும்.

அந்தப் படிக்கு வேண்டிய கருவியை நீங்களே செய்துகொள்ளலாம். ‘டி-பிற்’ என்பது அதன் பெயர். வெள்ளியுருக்கு என்று விற்கப்படும் கருவியுருக்குக் கம்பியை, இறுதி அளவுக்கு நாலைந்து தௌ குறைவாகக் கடைந்து, முனையில் பாதி விட்டத்தைவிட ஒரு தௌ மட்டும் மிஞ்சும்படி தட்டையாக அராவி, செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, பின்னர் வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடாக்கி எடுத்தால் போதும். கைட்டின் வாயில் முதல் 12 மில்லிமீற்றர் ஆழத்தை மட்டும் மிகச் சிறிய துளைக்கருவியால், டி-பிற் இறுக்கமாக நுழையும் அளவுக்கு, நேராகக் கடைந்து கொடுங்கள். நேரான அந்த வாயை வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு டி-பிற் நேராகவே போகும். முன்னைய துளையின் சாய்வைப் பின்தொடராது. மெதுவான வேலைதான். அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்காவிட்டால் சீவல் அடைத்துச் சுவரைக் கீறிவிடும். வெட்டும் எண்ணெயில் கந்தகம் கலந்தவை உண்டு. அவை செம்புக் கலப்புகளைக் கறுக்க வைக்கும், தவிர்த்துவிடுங்கள்.

அதன்பின், துளையை நுண்ணளவில் பெருப்பித்துச் சீராக்கும் ரீமரால், இறுதி அளவுக்கு ஒரு தௌ குறைவாக நிறுத்துங்கள். வெண்கலத்துக்கென்று ஒரு ரீமரை ஒதுக்கி, இரும்பில் அதை ஒருபோதும் போடாதீர்கள். கூர் மழுங்கிய ரீமர் வெண்கலத்தை வெட்டாமல் விரித்துத் தள்ளும்; கருவியை எடுத்ததும் துளை மீண்டும் சுருங்கிக்கொள்ளும். நல்ல ரீமர் போகும்போது கையில் ஒரே சீரான, பட்டுத் துணியை இழுப்பது போன்ற தடை தெரியும்; கிறீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள்.

இப்போது வெளிவட்டம். 50 மில்லிமீற்றர் நீளத்தில் அரைத் தௌ மட்டும் சரிவுள்ள உருக்கு மண்ட்ரல் (வேலைத்துண்டைத் தாங்கும் கோல்) ஒன்றைக் கடைந்து, கைட்டை அதில் இறுக ஏற்றி, லேத்தின் இரண்டு சென்டர் முனைகளுக்கு நடுவே வைத்துக் கடையுங்கள். இவ்வாறு செய்தால் வெளிவட்டமும் துளையும் ஒரே மையத்தில் அமைந்தே தீரும். அளப்பதற்கு முன் ஆறவிடுங்கள். கடைந்த சூட்டில் 50 பாகை கூடியிருந்தால் 12 மில்லிமீற்றர் வெண்கலம் 0.011 மில்லிமீற்றர், ஏறத்தாழ அரைத் தௌ, பெருத்திருக்கும். நமக்கு வேண்டிய இறுக்கமே, அதாவது ஹெட்டின் துளையைவிடக் கைட் பெருத்திருக்க வேண்டிய அளவே, ஒன்றரைத் தௌதான் என்னும்போது அது சிறிய பிழையன்று. கடைசிச் சீவலை இரண்டு தௌவில், கூர் தீட்டிய கருவியால் எடுத்து அப்படியே விட்டுவிடுங்கள். எமரிச் சீலையால் தேய்த்து மினுக்க வேண்டாம். எமரியின் மணல் வெண்கலத்தில் பதிந்துவிடும். அது துளைக்குள்ளும் போனால் கைட் அராவியாக மாறி வால்வுத் தண்டைத் தின்னும்.

கேள்வி: வாழைச்சேனையில் மீன்பிடி வள்ளங்களின் உடைந்த புரொப்பெல்லர் துண்டுகள் பழைய இரும்புக் கடையில் கிடைக்கின்றன. அதுவும் வெண்கலந்தானே? வீட்டில் ஓர் உடைந்த மணியும் இருக்கிறது. இவற்றில் கைட் கடையலாமா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: நம் பேச்சில் மஞ்சளாக இருப்பதெல்லாம் வெண்கலம் அல்லது பித்தளை. லேத்தில் அந்தத் தாராளம் செல்லாது. புரொப்பெல்லர் வார்க்கும் ‘மங்கனீஸ் வெண்கலம்’ பெயரளவில்தான் வெண்கலம். அதில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு துத்தநாகம், ஆகவே அது வலுவூட்டிய பித்தளையே. வெளிவழி வால்வின் சூட்டில் அது நெடுநாள் நிலைக்காது. வேறு சில புரொப்பெல்லர்கள் நிக்கல் கலந்த அலுமினிய வெண்கலத்தில் வார்க்கப்படுகின்றன. அது கைட்டுக்கு மிக உயர்ந்த உலோகம். கண்ணால் பார்த்து எது எதென்று சொல்ல இயலாது என்பதுதான் தொல்லை. சிறு துண்டை எரிவாயுச் சுவாலையில் உருகும்வரை காய்ச்சினால், துத்தநாகம் மிகுந்தது வெண்புகை விட்டு வெள்ளைத் தூளாகப் படியும். அதைத் திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள்; அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவு காய்ச்சல் வரும்.

மணியை மணியாகவே விட்டுவிடுங்கள். மணி வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம். நாதம் அதனால்தான் வருகிறது, உடைவதும் அதனால்தான்.

புஷ் கடையவென்று விற்கப்படும் சாதாரண வெண்கலக் கோலில் செம்பு 83, வெள்ளீயம் 7, ஈயம் 7, துத்தநாகம் 3 என்ற விகிதம் வழக்கமானது. கடைவதற்கு வெண்ணெய் போலிருக்கும்; சீவல் பொடியாக உதிரும். உள்வழி கைட்டுக்குப் பரவாயில்லை, வெளிவழிக்கு நான் போடமாட்டேன். இரண்டுக்கும் ஏற்றது பொஸ்பர் வெண்கலம். இங்கிலாந்தில் பழைய கார்களுக்குக் கைட் செய்பவர்கள் ‘கொல்சிப்ரோ’ என்ற பெயரில் விற்கப்படும் செம்பு, நிக்கல், சிலிக்கன் கலப்பையும் பெரிதும் விரும்புகிறார்கள். கோலை விலைக்கு வாங்கும்போது கலப்பின் தரக்குறியைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். “முதல்தர வெண்கலம்” என்ற வாய்ச்சொல்லுக்கு ஒருமுறை பணம் கொடுத்து, ஆறு மாதத்தில் மஞ்சள் தூளாக அள்ளியவன் நான். விற்றவரின் பெயர் இங்கு வேண்டாம்.

கேள்வி: கைட்டை எவ்வளவு இறுக்கமாகப் போட வேண்டும்? எங்கள் ஊர் பேக்கரிப் போறணையில் ஹெட்டைச் சூடாக்கி, கைட்டை ஐஸ் பெட்டியில் வைத்துப் போட்டால் கையாலேயே இறங்கிவிடும் என்கிறார்களே?
– களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: வார்ப்பிரும்பு ஹெட்டில் ஒன்றரைத் தௌ, அதாவது 0.038 மில்லிமீற்றர் இறுக்கம் போதும். இரண்டைத் தாண்ட வேண்டாம். போறணை யோசனை நல்லதே, ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெட்டை 30 பாகையிலிருந்து 130 பாகைக்குச் சூடாக்கினால் அந்த 12 மில்லிமீற்றர் துளை ஏறத்தாழ 0.013 மில்லிமீற்றர் விரியும். கைட்டை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக்குக் குளிர வைத்தால் அது 0.010 மில்லிமீற்றர் சுருங்கும். இரண்டும் சேர்ந்து 0.023. மீதி 0.015 மில்லிமீற்றரை பிறஸ்தான் தள்ள வேண்டும். ஆகவே கையால் இறங்காது. இறங்கினால் உங்கள் இறுக்கம் போதாது என்று பொருள். சூட்டின் பயன் வேறு: தள்ளும் விசை குறைவதால் துளை கீறாது, கைட் வளையாது. போறணையில் வைப்பதற்கு முன் ஹெட்டை நன்றாகக் கழுவிவிடுங்கள். பாண் வாங்குகிறவர்கள் பாவம்.

பழைய கைட்டைக் கழற்றுமுன், ஸ்பிறிங் இருக்கையிலிருந்து அது எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். மோறிஸ் மைனரின் 948 சிசி எஞ்சினில் அது 15.1 மில்லிமீற்றர். அந்த உயரத்துக்கு ஒரு குழாய்த் துண்டை வெட்டி வைத்துக்கொண்டால், புதிய கைட் அந்த அளவில் தானாக நின்றுவிடும். பிறஸ் செய்ததும் துளை சற்றுச் சுருங்கியிருக்கும். இறுதி ரீமரை அப்போதுதான் போட வேண்டும்.

வெண்கலம் கடித்துப் பிடிக்காது என்று நம்பி இடைவெளியைப் பாதியாகக் குறைப்பவர்கள் உண்டு. சூடேறும்போது வெண்கலம் வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். வெளியே விரிய ஹெட் இடம் கொடுக்காது. எனவே அது உள்நோக்கி நெருக்கும். பந்தய எஞ்சின் கட்டுகிறவர்களின் கணக்கு வேறு. வீதியில் ஓடும் பழைய காருக்கு உற்பத்தியாளரின் இடைவெளியையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1950களின் என்பீல்ட் புல்லட் 350. அதற்கும் வார்ப்பிரும்பு கைட்டே போதுமா?
– கல்முனை வாசகர்

பதில்: இங்கே நான் வெண்கலத்தின் பக்கம். அந்த வண்டியின் ஹெட் அலுமினியக் கலப்பு. ஒவ்வொரு பாகைச் சூட்டுக்கும் அலுமினியம் 23 பங்கு விரிந்தால் வெண்கலம் 18 பங்கும் வார்ப்பிரும்பு 11 பங்கும் விரியும். சூட்டில் ஹெட்டின் துளை பெருக்கும்போது வெண்கலம் பெரும்பாலும் கூடவே பெருத்து இறுக்கத்தைக் காக்கும். வார்ப்பிரும்பு பின்தங்கிவிடும்.

கேள்வி: மசி பேர்குசன் 35 உழவு இயந்திரம், மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் எஞ்சின். பெரும்போக அறுவடை முடிந்ததும் கைட் எல்லாம் ஆடுகிறது. வெண்கலம் போடலாமா?
– சம்மாந்துறை வாசகர்

பதில்: வேண்டாம். டீசல் எஞ்சினின் காற்றுவழியில், பெற்றோல் எஞ்சினில் போல் வெற்றிடம் உண்டாவதில்லை. ஆகவே வெண்கலம் போட்டு ஒயில் மிச்சப்படுத்தும் நன்மை உங்களுக்குப் பெரிதாகக் கிடைக்காது. வார்ப்பிரும்பு கைட்டே போடுங்கள். அதைவிட முக்கியம், வயலில் எழும் உமித்தூசி. எண்ணெய்த் தொட்டியுள்ள காற்றுவடியில் அடியிலுள்ள ஒயில் சேறாகியிருந்தால், எந்த உலோகத்தில் கைட் போட்டாலும் அடுத்த அறுவடைக்குள் அது தேயும். அறுவடைக் காலத்தில் தினமும் காலையில் அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஈயமில்லாப் பெற்றோலால் பழைய எஞ்சின்களின் கைட் தேய்கிறது, வெண்கலம் போட்டால் சரியாகும் என்பது உண்மையா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: இரண்டு வேறு நோய்களை ஒன்றாக்கிவிட்டார்கள். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றது. ஈயம் காத்துவந்தது பெரும்பாலும் வெளிவழி வால்வின் சீற்றை. அது இல்லாதபோது மென்மையான வார்ப்பிரும்புச் சீற் அரிபட்டு, வால்வு உள்ளே அமிழ்ந்து, வால்வுத் தண்டின் உச்சியில் விடும் டப்பெற் இடைவெளி அடிக்கடி குறையும். அதற்கு மருந்து கடினமான உருக்கு வளையத்தைச் சீற்றாகப் பதிப்பது. வெண்கல கைட் அந்த நோயைத் தொடவும் செய்யாது.

கேள்வி: வெளியூர்ப் பட்டறை ஒன்றில் நான்கு கைட் மாற்றினேன். புகை நின்றுவிட்டது, ஆனால் முன்பிருந்த இழுவை இல்லை, காலையில் ஸ்டார்ட் எடுக்கவும் சிரமம். கைட் பிழையா?
– மண்டூர் வாசகர்

பதில்: கைட்டில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு, அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். வால்வு எந்த மையத்தில் ஏறி இறங்க வேண்டும் என்று தீர்மானிப்பது கைட். பழைய கைட் நீள்வட்டமாகத் தேய்ந்தபோது, சீற்றும் அந்தக் கோணல் மையத்துக்கே பழகியிருக்கும். புதிய கைட் வால்வை உண்மையான மையத்துக்குக் கொண்டுவந்ததும், வால்வு பழைய சீற்றின் ஒரு பக்கத்தில் மட்டுமே படுகிறது. மறு பக்கத்தால் அழுத்தம் கசிகிறது. வெறும் கிரைண்டிங் பேஸ்டால் அரைத்து இதைத் தீர்க்க முயன்றால் மணிக்கணக்கில் அரைக்க வேண்டியிருக்கும். அத்தனை நேரமும் பேஸ்ட் தண்டு வழியே இறங்கிப் புதிய வெண்கலத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

ஹெட்டைக் கழற்றி, வால்வு முகத்தில் நீலக் குறிமையை மெல்லிய படலமாகத் தடவி, சீற்றில் ஒருமுறை அமர்த்திக் கால்வட்டம் மட்டும் திருப்பி எடுத்துப் பாருங்கள். நீலம் முழு வளையமாகப் பதியாமல் பிறைபோல் ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் நான் சொன்னதேதான். கைட் துளையில் நின்று சுழலும் தண்டுடைய சீற் வெட்டியால், புதிய மையத்தில் சீற்றை மீண்டும் வெட்டச் சொல்லுங்கள். அந்தத் தண்டு கைட்டில் ஆட்டமின்றிப் பொருந்துகிறதா என்று நீங்களும் அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் நுண்ணிய பேஸ்டால் ஒரு நிமிடத் தடவல் போதும். அதற்கு முன் தண்டில் கிறீஸ் பூசி, முடிந்ததும் மண்ணெண்ணெய் நனைத்த திரியைக் கைட்டுக்குள் இழுத்து, திரி வெள்ளையாக வரும்வரை துடைத்தெடுங்கள்.